பெரியம்மா கார்டில் இருந்த பேர்

பனி கெட்டிப்படுவதற்குச் சத்தம் கிடையாது என்று என் மகன் சந்திரன் சொல்கிறான். அவன் காது அப்படி. எனக்குக் கேட்கிறது. விடியக்கருக்கலில் டென்ட் துணிமேல் அது இறுகும்போது, நொய்யரிசியைச் சுளகில் ஓரமாகத் தள்ளுகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம், நின்று நின்று. இப்போது அதுதான் கேட்கிறது. அதுக்கு அடியில் அணைத்தண்ணீர் கரையை வந்து தொட்டுவிட்டுப் போகிற சத்தம். அதுக்கும் அடியில், என் வலது பக்கம், ஒரு கை தூரத்தில், தெய்வானையின் மூச்சு. என் தங்கச்சி. தூங்குகிறாள். இல்லை, தூங்குகிற மாதிரிக் கிடக்கிறாள். தூங்குகிறவள் மூச்சு வேறு, கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறவள் மூச்சு வேறு. எட்டு மணிக்கு ஜீப் வரும். அவளையும் அவள் மகனையும் ஏற்றிக்கொண்டு ஊட்டிக்கு இறங்கும், அங்கிருந்து வேன், வேனில் திருச்சி, திருச்சியில் பிளேன், அந்தப் பக்கம் கொழும்பு, அப்புறம் தேயிலை மலைமேல் அட்டனுக்குக் கோச்சி. ரயிலை இன்னமும் கோச்சி என்றுதான் சொல்கிறாள், நான் மறந்துபோன சொல். அதுக்குள்ளே சொல்லிவிட வேண்டும். எனக்கு அறுபத்தேழு, அவளுக்கு அறுபத்தொன்று, இனிமேல் எந்த ஜென்மத்தில் பக்கத்தில் பக்கத்தில் படுக்கப்போகிறோம். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி. ஐந்து நாளாக அந்த வரி தொண்டைவரை வருகிறது, அங்கே நின்று திரும்பிப் போகிறது. கோயில் வாசலில் வந்தது. பஸ்ஸில் வந்தது. நேற்று சாயங்காலம் வாய்க்கே வந்துவிட்டது, அப்போதுதான் நான் அந்தப் பொய்யைச் சொன்னேன், அதற்கு அவள் சொன்ன பதில், அதை இப்போது நினைக்கக் கூடாது.

இந்த டென்ட்டைப் பார்த்ததும் அவள் சிரித்தாள், அதையும் சொல்லவேண்டும், சிரிக்கத்தான் செய்தாள். எங்கள் வீடு டீத்தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில், ஒண்ணேகால் அறை, வந்தவர்களோடு சேர்த்து ஆறு பேர் கால் நீட்ட முடியாது. சந்திரனுக்கு இந்த அணைப் பூங்காவில் டென்ட் அடித்துக் கொடுக்கிற வேலை. கடைசி நாள் இங்கே தங்கட்டும், சின்னம்மாவும் நீங்களும் ஒரு டென்ட்டில் படுத்து ராத்திரி பூரா பேசுங்கள் என்றான். ஐம்பது வருசத்துப் பேச்சு ஒரு ராத்திரியில் தீரும் என்று அவனுக்கு, பாவம். அவள் மகன் யோகராஜனுக்கும் டென்ட் என்றதும் குஷி, போன் எடுத்துப் படமாகப் பிடித்துத் தள்ளினான். தூங்குவதற்குப் பை கொடுத்தார்கள், உள்ளே புகுந்து கழுத்துவரை ஜிப் இழுத்துக்கொள்ள வேண்டியது. தெய்வானை ஒரு காலை விட்டாள், மறு காலை விட்டாள், உரச்சாக்குக்குள் புகுந்த பூனை மாதிரித் தடுமாறி என்மேல் சாய்ந்தாள், ரெண்டு கிழவிகளும் விழுந்து சிரித்தோம். இதுக்குக் காசு குடுத்து வர்றாங்களாக்கும், எண்பத்துமூணு கலவரத்துல எங்கள ஒரு பள்ளிக்கூடத்துல இப்படித்தான் படுக்க வச்சாங்க, சாக்கு மட்டும் கிடையாது என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அவள் பள்ளிக்கூடத்துத் தரையில் படுத்துக்கிடந்த அந்த மாசம் நான் இங்கே என்ன செய்துகொண்டிருந்தேன். சந்திரனை வயிற்றில் வைத்துக்கொண்டு மாங்காய் கேட்டு அம்மாவிடம் அடம் பிடித்துக்கொண்டிருந்தேன். அவளை விமான நிலையத்தில் பார்த்ததும் கட்டிப்பிடித்தேன், அவளும் பிடித்தாள், பிடித்துக்கொண்டே, எப்படி இருக்கீங்க என்றாள். நீங்க என்றாள். என் இடுப்பில் மூக்குச்சளியைத் துடைத்த பிள்ளை. நீ என்று கூப்பிடு என்று சொல்ல எனக்கு என்ன பாத்தியதை.

இருமுகிறாள். இந்த இருமல்தான் ஐந்து நாளாக என்னைக் குத்துகிறது. அம்மா இருமல் இது. முதலில் சின்னதாக ரெண்டு, அப்புறம் ஒரு இடைவெளி, விட்டுவிட்டது என்று நினைக்கும்போது நெஞ்சைப் பிடுங்குகிற மாதிரிப் பெரிதாக ஒன்று. அம்மாவோடு மூணு வயசுவரைதான் இருந்தாள், அதுக்குள்ளே இருமலை எங்கே படித்தாள். மூணு வயசில் அவளைப் பெரியம்மாவுக்குக் கொடுத்தோம். கொடுத்தோம் என்பது தப்பு, யாரும் கொடுக்கவில்லை. அப்போது நாங்கள் எல்லாரும் இலங்கைத் தோட்டத்தில், அம்மாவின் அக்கா மேல் லயத்தில் இருந்தாள், புருசன் செத்து, பிள்ளை இல்லாமல். ராத்திரி தனியாகப் படுக்கப் பயப்படுகிறாள், சின்னவள் துணைக்குப் படுத்துக்கொள்ளட்டும், பெரிசானதும் வந்துவிடட்டும் என்று அனுப்பினார்கள். பகலில் எங்கள் லயத்தில்தான் விளையாடும் அந்தப் பிள்ளை. சாப்பாடு மட்டும் அங்கே. சாப்பாடு அங்கே என்பதால் பேரையும் அங்கே மாற்றினார்கள், தோட்டத்தில் அப்படித்தான், அரிசிக் கார்டு என்று ஒன்று உண்டு, யார் அடுப்பில் சாப்பிடுகிறாயோ அந்தக் கார்டில் உன் பேர், அந்தக் கார்டுக்குத்தான் உன் பங்கு அரிசி. அதில் ஒரு சூதும் இல்லை. ஊர் பூராவும் செய்ததுதான். பிள்ளை யாருடையது என்று கேட்டால் எங்கள் அம்மா பேர்தான் சொல்வார்கள், அரிசி எங்கே என்று கேட்டால் பெரியம்மா கார்டு. அந்த ரெண்டும் வேறு வேறு என்பது எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துதானே இருந்தது. தெரியாமல் இருந்ததா. இங்கேதான் வந்து வந்து மாட்டிக்கொள்கிறேன், சேலை முள்ளில் மாட்டுகிற மாதிரி, இழுத்தாலும் கிழிகிறது, விட்டாலும் நகர முடியவில்லை.

வெளியே நிறம் மாறுகிறது. டென்ட் துணி மஞ்சளாக இருந்தது, இருட்டில் கறுப்பாக இருந்தது, இப்போது பழந்துணி மாதிரி ஒரு நிறம். பக்கத்து டென்ட்டில் யோகராஜன் குறட்டை. அந்தப் பக்கம் கோயமுத்தூர்க்காரர்கள் டென்ட், நேற்றுப் பாட்டுப் போட்டு வாட்சரிடம் திட்டு வாங்கினார்கள், இப்போது பேச்சு மூச்சு இல்லை. மொத்தம் டென்ட் எத்தனை, எங்களது ஒன்று, பையனுடையது ரெண்டு, அவர்களது மூணு, அதுக்கு அப்பால் ஒன்று காலி. எண்ண மாட்டேன். அந்த எண்ணிக்கையை நான் வாயால் சொல்லுவதில்லை, சந்தையில்கூட மூணு, அப்புறம் இன்னொன்று போடுப்பா என்றுதான் கேட்பேன், கடைக்காரன் சிரிப்பான். அந்தத் தோட்டத்தில் இருக்கும்போதுதான் ரெண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் வந்துவிட்டது, யார் இந்தியாவுக்குப் போகிறார்கள், யார் இலங்கையிலேயே இருக்கிறார்கள் என்று குடும்பம் குடும்பமாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். எங்கள் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை பெரட்டுக் களத்தில் மேசை போட்டு உட்கார்ந்தார், காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற களம் அது. வீட்டாள் யாராவது அரிசிக் கார்டோடு வந்து விவரம் சொல்ல வேண்டும். அப்பா காய்ச்சலில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். அம்மா மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள், இறங்கிவந்தால் அரைநாள் பேர், அரைநாள் கூலி, போய்விடும். நீதான் மூணாவது வரைக்கும் படிச்சவளாச்சே, நீ போய்ச் சொல்லிட்டு வா என்று என்னை அனுப்பினாள். பதிமூணு வயசு எனக்கு. அம்மாவுடைய துண்டை மாராப்பாகப் போட்டுக்கொண்டு, தலை வாரி, கார்டை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டுல எத்தன பேரு என்றார். நாலு பேருங்க என்றேன். அப்பா, அம்மா, நான், தம்பி. அவர் எழுதப் போனவர் பேனாவைத் தூக்கினார். தூக்கினார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, அவர் மட்டும் குனிந்தபடி எழுதியிருந்தால் நான் இன்றைக்கு நிம்மதியாக இருப்பேன், சின்னப் பிள்ளை தெரியாமல் சொன்னது என்று ஆகியிருக்கும். பேனாவைத் தூக்கி, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, நாலா, சின்னவ ஒருத்தி ஓடித் திரிவாளே என்று கேட்டார். அது பெரியம்மா கார்டுல இருக்குங்க என்றேன். அவருக்குச் சந்தோசம். எல்லாரும் இப்படித் தெளிவாச் சொன்னா எனக்கு எவ்வளவு சுகம், கெட்டிக்காரி என்றார். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முகமெல்லாம் சூடாகி, லயம்வரைக்கும் கால் தரையில் படாமல் வந்தேன்.

கெட்டிக்காரி. யாரும் அதுவரைக்கும் என்னை அப்படிச் சொன்னதில்லை, அதுக்கப்புறமும் சொன்னதில்லை. அந்தக் கடுதாசியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், அப்பா கட்டிலில் கிடந்தபடியே கைநாட்டு வைத்தார். பெரியம்மா தன் கடுதாசியில் இலங்கை என்று சொன்னாள், அவள் கார்டில் இருந்த பேரும் அவளோடு போயிற்று. நான் வேணும் என்று சொன்னேனா. சொல்லும்போது எனக்குத் தெய்வானை ஞாபகம் வந்ததா. வந்தது. அவர் கேட்டபோது அவளுடைய சட்டைதான் ஞாபகம் வந்தது. பெரியம்மா அவளுக்கு முன்பக்கம் பொத்தான் வைத்த பூப்போட்ட சட்டை தைத்துக் கொடுத்திருந்தாள், எனக்கு அந்த வருசம் தீபாவளிக்கு ஒன்றும் இல்லை. அதுக்காகச் சொன்னேனா. சத்தியமாக இல்லை. சத்தியமாக என்று சொல்லும்போதே அந்தப் பொத்தான் கண்ணுக்குள் வருகிறது. ஐம்பது வருசமாக இந்த ஒரே நிமிசத்தைக் கழுவிக் கழுவிப் பார்க்கிறேன், கறை துணியிலா கண்ணிலா தெரியவில்லை. மூணு வருசம் ஆயிற்று பாஸ்போர்ட் வர. வந்த பிறகுதான் அப்பாவுக்கே தெரியும், சின்னவள் பேர் இல்லை என்று. ஆபீஸ் ஆபீஸாக மனுக் கொடுத்தார். முதலில் நீங்கள் போங்கள், பிறகு எழுதினால் வரலாம் என்றார்கள். எழுதியும் ஒன்றும் நடக்கவில்லை. கணக்கப்பிள்ளை கவனிக்காமல் விட்டுவிட்டான் என்று அப்பா நம்பினார், அவன் கை விளங்காமல் போக என்று சாகிறவரைக்கும் சாபம் விட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கால் பிடித்துவிட்டுக்கொண்டிருப்பேன். ஒரு நல்ல மனுசனை என் முன்னாலேயே வருசக்கணக்காகச் சபித்தார், நான் எண்ணெயைச் சூடுபண்ணி இன்னும் கொஞ்சம் தேய்ப்பேன்.

அந்தக் கோச்சிக்கு அழுகைக் கோச்சி என்று பேர். மலையிலிருந்து கப்பல் துறைக்குப் போகும், உள்ளே போகிறவர்கள், பிளாட்பாரத்தில் நிற்கிறவர்கள், ரெண்டு பக்கமும் ஒரே ஓலம். எங்களை அனுப்பப் பெரியம்மா வந்தாள், தெய்வானை கையைப் பிடித்துக்கொண்டு. தெய்வானை தலையில் பூ வைத்திருந்தாள். கையில் ஒரு மூட்டை. அவளுடைய துணியையும் ஒரு பாவாடையில் கட்டி எடுத்து வந்திருந்தாள், தானும் வருகிறோம் என்று. பத்து வயசுப் பிள்ளையிடம் யாருமே சொல்லவில்லை, இவர் சொல்லுவார் என்று அவரும் அவர் சொல்லுவார் என்று இவரும் விட்டுவிட்டார்கள். கோச்சி நகர்ந்தபோது அவள் மூட்டையை ஜன்னல் வழியாக எங்களிடம் நீட்டினாள், முதலில் மூட்டையைக் கொடுத்துவிட்டு அப்புறம் ஏறலாம் என்று. அப்பா வாங்கவில்லை. வாங்கினால் பிள்ளையும் ஏறிவிடும் என்று கையை மடியில் வைத்துக்கொண்டார். அம்மா அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள், எதிர்ஜன்னல் பக்கம், ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. நான் அம்மாவுக்கு நேர் எதிரில் இருந்தேன், எனக்குத் தெரியும் ஏன் திரும்பவில்லை என்று, முந்தானையை வாய்க்குள் முழுசாக அடைத்து வைத்திருந்தாள், கண் வெளியே வந்துவிடும்போல இருந்தது. வெளியே நின்றவளுக்கு அம்மாவின் பின்கொண்டைதான் தெரிந்திருக்கும்.

நேற்று சாயங்காலம் அதைத்தான் கேட்டாள். பையன்கள் ரெண்டு பேரும் விறகு எடுக்கப் போயிருந்தார்கள், அணைமேல் வெயில் சாய்ந்து எதிர்க்கரைச் சோலை கறுத்துக்கொண்டு வந்தது. அடுப்பில் தீ பிடிக்கவில்லை, நான் ஊதிக்கொண்டிருந்தேன். இதக் கேக்கத்தான்க்கா இவ்வளவு தூரம் வந்தேன், கோயிலு குளமெல்லாம் சும்மா சாக்கு என்றாள். அம்மா ஏன் என் பேர எழுதல. நான் ஊதுவதை நிறுத்தவில்லை. ஊதிக்கொண்டே, அப்பா வழக்கமாகச் சொல்லுவதைச் சொன்னேன், கணக்கப்பிள்ளை கவனிக்காமல் விட்டுவிட்டார் என்று. என் வாய் தானாகச் சொல்லியது, ஐம்பது வருசம் பழகிய வாய். அவள் ஒரு சுள்ளியை ஒடித்து அடுப்பில் வைத்தாள். அப்புறம் சொன்னாள், அந்தக் கணக்கப்பிள்ளையை அவர் சாகிறதுக்கு முன்னால் போய்ப் பார்த்தாளாம். ஞாபகம் இல்லை என்றாராம், ஆனால் ஒன்று சொன்னாராம், வீட்டாள் சொன்னதைத்தான் எழுதினேன், என் கையால் ஒரு பேரையும் கூட்டினதுமில்லை குறைத்ததுமில்லை என்று. அழுதாராம் அந்தக் கிழவர். அதான், அம்மாதான் என்றாள் தெய்வானை. அம்மாவுக்கு என்னைய வேணாம்னு இருந்துருக்கு. கோபமாகச் சொல்லவில்லை, மழை வரும்போல இருக்கு என்கிற மாதிரிச் சொன்னாள். அதுக்கு நான் என்ன சொன்னேன். விறகு ஈரம் என்று சொன்னேன்.

இப்போது விடிந்துவிட்டது. நான் சும்மா இருந்தால் என்ன ஆகும். ஜீப் வரும், கட்டிப்பிடிப்போம், அக்கா அக்கா என்று அழுவாள், மாசம் ஒரு தடவை போனில் முகம் பார்ப்போம். அப்பா போய்விட்டார், அம்மா போய்விட்டாள், தம்பி போய்விட்டான், என்னை அக்கா என்று கூப்பிட இந்த உலகத்தில் இவள் ஒருத்திதான். சொன்னால் அதுவும் போகும். சொல்லாவிட்டால் அம்மா போகிறாள். செத்த அம்மாவுக்கு என்ன தெரியப்போகிறது, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு எதிர்ஜன்னலைப் பார்த்தபடி இன்னும் கொஞ்ச காலம் உட்கார்ந்திருக்கட்டுமே, இவ்வளவு நாள் உட்காரவில்லையா. இப்படி நினைக்கிற நான் என்ன பிறவி. இல்லை, சொல்லிவிடுவதுதான் சுயநலமோ, என் பாரத்தை இறக்கி அவள் தலையில் வைத்துவிட்டு நான் லேசாகப் போய்விடலாம் என்றா. அவள் ஐம்பது வருசம் ஒரு மாதிரி நின்று பழகிவிட்டாள், காலுக்கடியில் இருக்கிற கல்லை நான் உருவினால் எங்கே விழுவாள். தெய்வானை மறுபடி இருமினாள், ரெண்டு சின்னது, இடைவெளி. அந்த இடைவெளியில் நான் பைக்குள்ளிருந்து வெளியே வந்துவிட்டேன்.

டென்ட் ஜிப்பைத் திறந்ததும் குளிர் முகத்தில் அடித்தது. புல் பூராவும் வெள்ளை, உப்புப் பாத்தி மாதிரி, மிதித்தால் நொறுங்கியது. தண்ணீர்மேல் ஆவி எழுந்து நின்றது, வெந்நீர் அண்டா என்று நினைக்கத் தோன்றும், விரலை வைத்தால் எலும்பு கத்தும். கரையில் தண்ணீருக்குள் இறங்காதீர்கள் என்று பலகை, அதன்மேலும் பனி. சந்திரன் அடுப்பில் சாயத்தண்ணி வைத்திருந்தான், டீயில் பால் போடாமல் இஞ்சி தட்டிப் போட்டு, அதுதான் சின்னம்மாவுக்குப் பிடிக்கும் என்று. தெய்வானை எழுந்து வந்தாள், போர்வைமேல் போர்வை, மகனுடைய குல்லாய். தூங்கினீங்களா என்றாள். தூங்கினேன் என்றேன். பொய், நீங்க தூங்கல, எனக்குத் தெரியும் என்றாள், லேசாகச் சிரித்தாள். டம்ளரைக் கழுவப்போகிறேன் என்று நான் கரைக்கு இறங்கினேன், கழுவுவதற்குக் குழாய் டென்ட் பக்கத்திலேயே இருந்தது. அவளும் கூட வந்தாள். பலகையைத் தாண்டி ஒரு பாறை, அதில் நின்றோம். மேலே ரோட்டில் ஜீப் கிளம்பிவிட்டது எனக்குக் கேட்டது, தூரத்தில், கியர் மாற்றுகிற சத்தம். நேரம் இல்லை.

"தெய்வானை, கணக்கப்பிள்ளைகிட்ட சொன்னது அம்மா இல்ல. அம்மா அன்னிக்கு மலையில கொழுந்து எடுத்துக்கிட்டு இருந்தா. நான்தான் கார்ட எடுத்துட்டுப் போனேன். நாலு பேருன்னு சொன்னது நான்தான். அவரு உன்னக் கேட்டாரு. பெரியம்மா கார்டுல இருக்குன்னு சொன்னேன்."

சொல்லி முடித்ததும் எவ்வளவு சின்னதாக இருந்தது. இதையா இவ்வளவு காலம் தூக்கினேன். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஆவி அவள் முழங்கால்வரை வந்து கலைந்தது.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. யாருக்கும் நான் சொல்லல."

"உங்களுக்கு அப்ப என்ன வயசு?"

"பதிமூணு."

"சின்னப் புள்ள" என்றாள், வேறு யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்கிற மாதிரி. திட்டியிருக்கலாம். அறைந்திருந்தாலும் நான் வாங்கிக்கொண்டிருப்பேன், வாங்கத்தான் கன்னத்தைக் கொண்டுவந்திருந்தேன். அவள் குல்லாயைக் கழற்றினாள். கழற்றிப் பாறையில் வைத்தாள்.

"அம்மா செத்தப்ப நீங்க கடுதாசி போட்டீங்க. படிச்சேன். மடிச்சு வச்சுட்டேன். தல முழுகல. என்னைய எழுதாதவளுக்கு நான் எதுக்கு முழுகணும்னு. பெரியம்மாகூடச் சொன்னா, சொம்புத் தண்ணியாவது ஊத்திக்கடின்னு. நான் கூடையத் தூக்கிட்டு மலைக்குப் போய்ட்டேன். அன்னிக்கு முழுப்பேரு எனக்கு."

அப்புறம் போர்வை ஒன்று விழுந்தது, இன்னொன்று விழுந்தது. நான் கையைப் பிடித்தேனா, பிடிக்கப் போனேன், அவள் கை அங்கே இல்லை. சேலையோடு இறங்கிவிட்டாள். கணுக்கால், முழங்கால், இடுப்பு. மேலே இருந்து வாட்சர் விசில் ஊதினார், சந்திரன் சின்னம்மா சின்னம்மா என்று ஓடிவந்தான், யோகராஜன் ஒரு காலில் மட்டும் செருப்போடு. அவள் ஒரு தடவை முழுகினாள். ஒன்றுமே சத்தம் இல்லை, தண்ணீர் மூடிக்கொண்டது, திறந்தது. ரெண்டாவது தடவை முழுகி எழுந்து ஒரு சத்தம் போட்டாள், அது அழுகையா குளிரா என்று நான் பிரிக்கவில்லை, அம்மா என்றுதான் கேட்டது, அவ்வளவு பெரியவள் போட்ட சத்தமாக இல்லை அது. மூணாவது முழுக்கில் அதிக நேரம் உள்ளே இருந்தாள். நானும் இறங்க வேண்டுமா. நான் அம்மாவுக்கு முழுகியாயிற்று, அன்றைக்கே, முறைப்படி, வெந்நீர் கலந்து. என் காலுக்கு அந்தத் தண்ணீரில் இறங்க இடம் இல்லை. பாறையிலேயே நின்றேன்.

யோகராஜன் இறங்கித் தூக்கிவந்தான். உதடு நீலம், பல் தட்டுகிற சத்தம் டென்ட்வரைக்கும் கேட்டிருக்கும். கோயமுத்தூர்க்காரர்கள் எழுந்து வந்து நின்றார்கள், ஒரு பொண்ணு தன் கம்பளிக் கோட்டைக் கழற்றிக் கொடுத்தது, என்ன ஆச்சு பாட்டிக்கு என்று கேட்டது, கால் வழுக்கிடுச்சும்மா என்று சந்திரன் சொன்னான். டென்ட்டுக்குள் வைத்து நான்தான் துணி மாற்றினேன். என்னை மாற்ற விட்டாள். தலையைத் துவட்டினேன், குனிந்து கொடுத்தாள். காதுக்குப் பின்னால் துடைத்தேன், கழுத்தைத் துடைத்தேன், குழந்தையில் இருந்த மச்சம் அங்கேயேதான் இருந்தது. முதுகு நடுங்கிக்கொண்டே இருந்தது. ஒரு வார்த்தை சொல்லுவாள், சொல்லுவாள் என்று துவட்டிக்கொண்டே இருந்தேன், முடி காய்ந்தபிறகும் துவட்டினேன். போதும் என்றாள்.

ஜீப்பில் முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். யோகராஜன் என் காலில் விழுந்தான், எழுப்பி நெற்றியில் திருநீறு வைத்தேன், அவனுக்கு ஒன்றும் தெரியாது, பெரியம்மா நீங்க கட்டாயம் அட்டனுக்கு வரணும் என்றான். பெரியம்மா. ஆமாம், அவனுக்கு நான் பெரியம்மாதானே. நான் முன்பக்கம் சுற்றிப்போய் ஜன்னலில் நின்றேன். கண்ணாடி இறக்கியிருந்தது. கம்பளிக்கோட்டுக்குள் அவள் முகம் மட்டும் சின்னதாக இருந்தது. நீ ஊர் போய்ச் சேர்ந்ததும் நான் கடுதாசி போடுகிறேன், எல்லாத்தையும் விவரமாக எழுதுகிறேன் என்று ஏதோ உளறினேன்.

"நீங்க எழுத வேணாம். எழுதறதா இருந்தா நான் எழுதுறேன்" என்றாள்.

என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். அதில் கோபம் இருந்ததா என்று இந்தக் காதை எவ்வளவு தீட்டினாலும் எனக்குச் சொல்ல முடியவில்லை. வண்டி திரும்பியது. பூங்கா கேட்டைத் தாண்டிச் சோலைக்குள் நுழைந்ததும் மறைந்தது, சத்தம் மட்டும் வந்தது. முதல் வளைவில் நன்றாகக் கேட்டது. ரெண்டாவது வளைவு மலைக்கு அந்தப் பக்கம், கேட்காது, மூணாவதில் மறுபடி கேட்கும், கேட்டது, சன்னமாக, ஒரு ஹாரன். வெயில் ஏறிப் புல்லில் பனி உருகிச் சொட்ட ஆரம்பித்திருந்தது. பதினோரு மணிக்கு அடுத்த கூட்டம் வருகிறது என்று சந்திரன் எங்கள் டென்ட்டின் முளையைப் பிடுங்கினான், இரும்பு கல்லில் உரசிய சத்தத்தில் எனக்கு எல்லாம் கலைந்துபோயிற்று. சின்னம்மாகிட்ட என்னம்மா சொன்னீங்க என்றான். சத்தம் போடாதடா, கேக்குது இன்னும் என்றேன். அவன் முளையைக் கையில் வைத்தபடி நின்று, மலைப்பக்கம் தலையைத் திருப்பிக் கேட்டான். அவனுக்கு ஒன்றும் கேட்டிருக்காது. எனக்கும் கேட்கவில்லை. ஆனாலும் நல்ல பிள்ளை, நான் சொல்லுகிறவரைக்கும் அசையாமல் நின்றான்.